சஸ்பென்ஷன் புஷ்: வீட்டு வாசலில் வேலை பார்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

புளியங்குடி, வாசுதேவநல்லூர், கடையநல்லூர் வட்டாரத்தில் காரோ குட்டியானை என்னும் டாடா ஏஸோ சொந்தமாக வைத்து, சிறு பழுதுகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும்,

சஸ்பென்ஷன் புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்களும் அவற்றுக்கு நடுவே ரப்பரும் கொண்ட சிறு உருளை. வெளிக்குழாய், சக்கரத்தை சேஸிஸோடு இணைக்கும் லோயர் ஆர்மின் கண்ணுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உள்குழாய் வழியாக போல்ட் போகும். ரப்பர் இரண்டு குழாய்களோடும் சூட்டில் ஒட்டவைக்கப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சேஸிஸோடு கவ்விக்கொள்கிறது. அதன்பின் அது சுழல்வதே இல்லை. சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் அசைகிறது என்றால், ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது என்றுதான் பொருள். அங்கே இரும்போடு இரும்பு உரசுவதில்லை, ரப்பரும் எதன்மீதும் வழுக்குவதில்லை.

உரசல் இல்லாத இடத்தில் எண்ணெய்க்கு வேலை இல்லை. ஆனாலும் புஷ் கிறீச்சிட்டால் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் எங்கும் இருக்கிறது. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து மை போட்ட ஊர்களில் அந்தக் கைப்பழக்கம் எளிதில் போகாது. அச்சுக்கு மை தேவைதான்; அங்கே அச்சும் சக்கரமும் உரசுகின்றன. புஷ்ஷில் ஊற்றும் எண்ணெய் ரப்பருக்குள் இறங்கி அதை ஊதவைக்கிறது. இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு ரப்பர் கொழகொழத்து, குழாயோடு இருந்த ஒட்டு விட்டுப்போகும். டீசல், கிரீஸ், ஷாக் அப்சார்பரிலிருந்து கசியும் ஆயில் எல்லாமே இதைத்தான் செய்யும்.

எலுமிச்சை ஏற்றும் வண்டிக்காரர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். எலுமிச்சைத் தோலிலுள்ள எண்ணெயின் முக்கியப் பொருள் லிமோனீன். இயற்கை ரப்பரைக் கரைக்கும் குணம் அதற்கு உண்டு. ஊதிய பலூன் மேல் ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கி வெடிக்கவைக்கும் பிள்ளைகளின் விளையாட்டு இதே வேதியியல்தான். மூட்டையில் நசுங்கிய காயிலிருந்து தளம் வழியாகச் சொட்டுவது மிகக் கொஞ்சம் என்பதால் புஷ் கெட இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டியைக் கழுவும்போது அடியிலும் ஒரு வாளித் தண்ணீர் வீசுவது வீணாகாது.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இந்த வட்டாரத்து வண்டிகளுக்கு அன்றாடப் பாதை. புளியரை எஸ் வளைவில் பாரத்தோடு இறங்கும் வண்டி பிரேக்கும் திருப்பமும் ஒன்றாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் லோயர் ஆர்மை முன்பின் இழுக்கும் விசையை புஷ்கள்தான் வாங்குகின்றன. மலையடிவாரத் தோப்புப் பாதைகளில் வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் முழு ஆழத்துக்கு இறங்கி ஏறுவதால் முறுக்கு அதிகம். குற்றாலச் சாரல் மாதங்களில் ஈரம் நிற்பது ரப்பரைவிட போல்ட்டுக்குத்தான் கேடு: போல்ட் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். இதே சாலை ஆரியங்காவு தாண்டியதும் புனலூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகிறது என்பதையும் சொல்லவேண்டும். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரீஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் நிறுவனம், 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்வளிக்க 1976இல் தொடங்கப்பட்டது. அவர்கள் வெட்டும் பால்தான் அங்கே ரப்பராகிறது. பலமுறை முறுக்கியும் தன்னிலைக்குத் திரும்புவதில் இயற்கை ரப்பரை விஞ்சுவது அரிது. புஷ்ஷுக்கு இன்றும் அது விரும்பப்படுவது அதனால்தான். வெயில், எண்ணெய், காற்றிலுள்ள ஓசோன் ஆகிய மூன்றும் அதன் பகை. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் ஓசோன் வெடிப்பு விழும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். நட்டை இறுக்கும் பேச்சு வரும்போது அது உதவும்.

தேய்ந்த புஷ் பல வகையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது முன்பக்கம் ‘லொடக்’ என்று ஒரு சத்தம். பிரேக் மிதிக்கையில் ஒன்று, ரிவர்ஸ் எடுத்து மீண்டும் முன்னே நகர்கையில் இன்னொன்று. பிரேக்கில் வண்டி ஒருபக்கம் இழுக்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். அலைன்மென்ட் பார்த்து வந்த மறுவாரமே ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இவற்றில் எதுவும் புஷ்ஷுக்கு மட்டும் உரியதல்ல. சின்னச்சின்ன மேடுகளில் கடகடவென்று ஓயாமல் வரும் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்து வருகிறது. வேகத்தோடு ஏறும் ஹம் ஓசை வீல் பேரிங். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இடவலமாக ஆட்டினால் தெரிந்தால் டை ராடு எண்ட். ஆகவே காதை மட்டும் நம்பிப் பொருள் வாங்கக்கூடாது. கடப்பாரை போன்ற நெம்புகோலை ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே நுழைத்து அழுத்தமாக நெம்பிப் பார்க்கவேண்டும். நல்ல புஷ் கொஞ்சம் இணங்கி, விட்டதும் திரும்பிவிடும். கெட்டது தடையின்றி நகர்ந்து, உள்குழாய் நடுவிலிருந்து விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும். மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள் மட்டும் இருந்தால் அது வயது. உடனே மாற்ற அவசியமில்லை.

எந்த வண்டியை வீட்டில் தொடலாம் என்பதை அடுத்துத் தீர்மானிக்கவேண்டும். மாருதி 800, ஆல்ட்டோ, ஆம்னி போல முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் காயில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். லோயர் ஆர்மைக் கழற்றினாலும் அது பாயாது. ஆர்மின் மேலேயே காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டிகள் வேறு சாதி. அங்கே பால் ஜாயிண்ட்டைப் பிரித்த நொடியில் ஸ்பிரிங்கின் முழுப் பலமும் ஆர்ம் வழியாக வெளியே வரும். உரிய கம்ப்ரஸரும் அனுபவமும் இல்லாத இடத்தில் அந்த வேலையை எடுப்பது உயிரோடு விளையாடுவது. அது ஒர்க்ஷாப்புக்கே போகட்டும்.

கடையில் இரண்டு விதமாகப் பொருள் கிடைக்கும்: புஷ் மட்டும் தனியாக, அல்லது புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் ஏற்றிய முழு ஆர்ம். விலையைப் பார்த்தால் புஷ் மலிவு. ஆனால் பிரஸ் இல்லாத வீட்டில் பழையதைப் பிடுங்குவதும் புதியதை ஏற்றுவதும் அரைநாளைத் தின்றுவிடும். பால் ஜாயிண்ட்டும் பாதி தேய்ந்திருந்தால் அடுத்த ஆண்டு அதே போல்ட்டுகளை மறுபடி கழற்றவேண்டிவரும். அத்தகைய வண்டிக்கு முழு ஆர்மே சிக்கனம். எது வாங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கவேண்டும். ஒருபக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக்கில் இழுப்பு தீராது. போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க நகம் போதும்: ரப்பரும் குழாயும் சேரும் விளிம்பில் நகத்தால் கிளறினால் உரிந்துவருகிற புஷ்ஷைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாலியூரித்தேன் புஷ் என்று வண்ணவண்ணமாக வருபவை வேறு வகை. அவை முறுக்குவதில்லை, குழாய்மேல் வழுக்குகின்றன. அவற்றுக்கு சிலிக்கான் கிரீஸ் வேண்டும், சத்தமும் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். குடும்ப வண்டிக்கு ரப்பரே போதும்.

கருவிகளில் முதலிடம் ஸ்பேனருக்கு இல்லை, ஸ்டாண்டுக்கு. ஜாக்கி தூக்குவதற்கான பொருள், தாங்குவதற்கானது அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவரும், ஹாலோ பிளாக்கை அண்டக்கொடுத்துப் படுப்பவரும் ஒரே ஆபத்தில் இருக்கிறார்கள். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாகும். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு, சமதளமான தரை, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, இழுத்துவிட்ட கை பிரேக் ஆகியவை இல்லாமல் தொடங்கக்கூடாது. மண்தரையானால் ஸ்டாண்டின் காலுக்கடியில் தடித்த பலகை வேண்டும். மீதிக் கருவிகள் எளியவை: பாக்ஸ் ஸ்பேனர் செட், ரிங் ஸ்பேனர், நெம்புகோல், வைஸ், ஹேக்ஸா, கடன் வாங்கியாவது ஒரு டார்க் ரெஞ்ச். துருவை இளக்கும் ஸ்பிரேயை முதல்நாள் இரவே போல்ட்டுகளில் அடித்துவிட்டால் மறுநாள் காலை பாதி வேலை முடிந்த மாதிரி.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தி, பிறகு வண்டியைத் தூக்கவேண்டும். முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்குவது முக்கியம். ஒன்றை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றும்போது முனை துள்ளும். மாருதி 800இல் இந்த பார்தான் ஆர்மை முன்பின் நகராமலும் பிடித்திருக்கிறது. அதன் முனை ஆர்முக்குள் நுழைந்து நட்டோடு முடியும். அங்குள்ள வாஷர்கள் எந்தப் பக்கம் குழிந்திருந்தன, எது முதலில் இருந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. மாற்றிப் போட்டால் புது ரப்பர் சீக்கிரம் நசுங்கிவிடும்.

பால் ஜாயிண்ட்டின் தண்டு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் ஒரு குறுக்கு போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும் வண்டிகளில், அந்த போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். தண்டில் உள்ள பள்ளத்துக்குள் அந்த போல்ட் படிந்திருப்பதால், அது இருக்கும்வரை எவ்வளவு அடித்தாலும் தண்டு இறங்காது. உருவிய பின் ஆர்மைக் கீழே நெம்பினால் தண்டு வெளியே வரும். அப்போது டிரைவ் ஷாஃப்ட் உள்ள வண்டியில் நக்கிளை வெளிப்பக்கம் இழுத்துவிடக்கூடாது. உள்முனை கியர் பாக்ஸிலிருந்து கழன்று ஆயில் கொட்டும். கடைசியாக, புஷ்ஷின் உள்குழாய் வழியே போகும் பிவட் போல்ட்டை எடுத்தால் ஆர்ம் கைக்கு வந்துவிடும்.

புஷ்ஷைப் பிடுங்கும் முன் செய்யவேண்டியது ஓர் அடையாளம். சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்டிருப்பார்கள். அந்தத் திசையில் அது இளகிக் கொடுக்க வேண்டும், மற்றத் திசையில் விறைப்பாக நிற்க வேண்டும் என்பது கணக்கு. இடைவெளி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஆர்மில் சாக்பீஸால் கோடு போட்டுவைக்காமல் பிடுங்கினால், புதியதைத் திருப்பி ஏற்றும் வாய்ப்பு உண்டு.

பிடுங்குவதற்கு வைஸும் இரண்டு சாக்கெட்டும் போதும். வெளிக்குழாயின் அளவுக்குச் சற்றே சிறிய சாக்கெட் ஒருபக்கம் தள்ளும். புஷ் முழுதாக உள்ளே நுழையும் அளவு பெரிய சாக்கெட்டோ குழாய்த்துண்டோ மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், ரப்பரைத் துளையிட்டு உள்குழாயை எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து வெளிக்குழாயை மட்டும் நெடுக்காக அறுக்கலாம். ஆர்மின் உலோகத்தில் பிளேடு பட்டதும் நிறுத்தவேண்டும். சில இடங்களில் கேஸ் சுடர் வைத்து ரப்பரை எரிப்பார்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு நஞ்சு. பக்கத்தில் பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறையும் சேர்ந்து உருகும். சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதும் தகாது. பல வண்டிகளில் ஆர்ம் தகட்டை மடித்துச் செய்தது. கண் கோணினால் எந்த புஷ்ஷும் அதில் நேராக உட்காராது. வைஸிலும் முடியவில்லை என்றால் லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சில நிமிட வேலை. கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டில், அழுத்துவது மட்டும் பட்டறையில் என்று பிரித்துக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

புதியதை ஏற்றும்போது கண்ணின் உட்புறத் துருவை எமரித் தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். தண்ணீர் உலர்ந்துவிடும், கிரீஸ் உலராது, புஷ்ஷை நகரவிடும். அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில்தான் விழவேண்டும். உள்குழாயையோ ரப்பரையோ தள்ளினால் வண்டியில் ஏறும் முன்பே ஒட்டு விட்டுப்போகும்.

இனி இந்த மடல் எழுதப்படுவதற்கே காரணமான இடம். ஆர்மைப் பொருத்தி, பிவட் போல்ட்டைப் போட்டு, சக்கரம் காற்றில் தொங்கும் நிலையிலேயே நட்டை முழுப் பலத்தோடு இறுக்கிவிடுவது பரவலான வழக்கம். அடியில் கை வைக்க இடம் தாராளமாக இருக்கிறது, ஸ்பேனர் சுற்றுகிறது, வேலை முடிந்துவிட்டது போலவும் தோன்றுகிறது. ஆனால் நட்டை இறுக்கிய கணத்தில் உள்குழாய் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலெழுந்து சமமாகிறது; ரப்பர் அந்த முழுக் கோணத்துக்கும் முறுக்கப்பட்டு, வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்கிலேயே நிற்கிறது. இதற்குமேல் ஒரு வேகத்தடை வந்தால், பாதி தூரம் ஏற்கெனவே செலவாகிவிட்ட ரப்பர் மீதியைத் தாங்கவேண்டும். இழுபட்ட ரப்பரில் ஓசோன் வெடிப்பும் விரைவாகும். பல ஆண்டுகள் உழைக்கவேண்டிய புஷ் சில மாதங்களில் கிழியும். பழி கடைக்காரர்மேலோ கம்பெனிமேலோ விழும். சரக்கில் குற்றம் இருக்காது.

சரியான முறை அதிகச் சிரமம் இல்லாதது. தொங்கும் நிலையில் நட்டைக் கையால் மட்டும் ஓட்டி, உள்குழாய் சுழல முடிகிற தளர்ச்சியில் விட்டுவிடவேண்டும். சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பானெட்டை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டால் சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வந்துவிடும். அப்போது அடியில் கைவிட்டு நட்டை இறுக்கவேண்டும். கை நுழைய இடமில்லாத வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே கனத்தில் தடித்த பலகைகளை வைத்து உயர்த்தலாம். அதுவும் வசதிப்படாவிட்டால், வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது ஆர்மின் வெளிமுனையில், பால் ஜாயிண்ட்டுக்கு அருகே ஜாக்கியை வைத்து, ஸ்டாண்டிலிருந்து உடல் எழும்பப்போகும் நிலைவரை மெல்ல உயர்த்தி அங்கே இறுக்கலாம். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்பதற்கு ஏறக்குறைய சமமான நிலை அது. அந்தநேரம் அடியில் படுக்கக்கூடாது, பக்கவாட்டில் இருந்தபடியே ஸ்பேனரை எட்டவேண்டும். இறுக்கும் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சர்வீஸ் கையேட்டில் உண்டு. பைப்பை மாட்டி நெரிப்பது அளவாகாது. நைலான் வளையமுள்ள நட்டுகளையும் ஸ்பிலிட் பின்களையும் மீண்டும் போடாமல் புதியதாக வாங்குவது சில ரூபாய்ச் செலவு.

குட்டியானையின் கதை சற்று வேறு. 2005இல் வந்த டாடா ஏஸுக்கு முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்; புஷ்கள் பிளேட்டின் கண்களிலும் ஷேக்கிளிலும் இருக்கின்றன. பிளேட் பாரத்தில் தட்டையாகும்போது நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள். இங்கே புஷ் தேய்ந்தால் ஆக்ஸில் சேஸிஸுக்கு நேராக நிற்காது. ஓட்டுபவருக்கு அது தெரியாது, பின்னால் வருபவர்தான் வண்டி ஒருச்சாய்ந்து ஓடுவதைப் பார்ப்பார். பெரிய லாரிகளில் உலோக புஷ்ஷும் ஸ்பிரிங் பின்னும் கிரீஸ் நிப்பிளும் இருக்கும். அங்கே உரசல் உண்டு, கிரீஸ் அடிக்காவிட்டால் கெடும். நிப்பிள் இருந்தால் கிரீஸ், இல்லாவிட்டால் ரப்பர், தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பாரத்தை முழுதும் இறக்கி, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் தனி ஜாக்கி வைக்கவேண்டும். அந்த ஜாக்கியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தால், ஓர் உயரத்தில் ஷேக்கிள் போல்ட் கையாலேயே சுழலும் அளவுக்கு இளகும். ஸ்பிரிங்கின் விசை அங்கே சுழியம். அந்த உயரத்தில்தான் போல்ட்டை உருவவேண்டும். ஒருபக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது. இரண்டையும் கழற்றினால் ஆக்ஸில் நகர்ந்து பிரேக் ஹோஸை இழுக்கும். துருவில் ஒட்டிய போல்ட்டை அடிக்க நேர்ந்தால், நட்டை போல்ட் முனையோடு சமமாக ஓட்டிவைத்து அடித்தால் மரை நசுங்காது. மெயின் பிளேட்டின் கண் விரிந்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ புஷ்ஷால் தீராது, பிளேட்டே மாறவேண்டும். நட்டு விதி இங்கும் அதுவே: ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கக்கூடாது, சக்கரம் நாலும் தரையில் இருக்கவேண்டும்.

கழற்றிய பழைய புஷ்ஷைக் குப்பையில் வீசும் முன் ஹேக்ஸாவால் அறுத்துப் பார்த்தால் வண்டியின் வரலாறு தெரியும். ரப்பர் ஊதிக் கொழகொழத்திருந்தால் மேலே எங்கோ ஆயில் கசிகிறது. அதை அடைக்காமல் புதியது போட்டுப் பயனில்லை. மேற்புறம் காய்ந்து வெடித்து, உள்ளே நன்றாக இருந்தால் வெயிலும் வயதும். உள்குழாயைச் சுற்றி வட்டமாகக் கிழிந்திருந்தால் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டது. முன்பு மாற்றியவர் தொங்கவிட்டே இறுக்கினாரா என்ற சந்தேகம் அங்கே எழலாம்.

வேலை முடிந்த நாளில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கையும் ரிவர்ஸையும் சோதித்து, சத்தம் போயிற்றா என்று பார்க்கவேண்டும். மறுநாள் ஓட்டம் முடிந்ததும் வீல் நட்டு, பிவட் நட்டு, ஷேக்கிள் நட்டு எல்லாவற்றிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்கவேண்டும். ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைத் தொட்டிருந்தால் அதையும். ஆர்ம் மாற்றிய காருக்கு வீல் அலைன்மென்ட் கட்டாயம். புது புஷ் சக்கரத்தைப் பழைய இடத்திலிருந்து சிறிதேனும் நகர்த்தியிருக்கும், தேய்ந்த புஷ்ஷுக்கு ஏற்பச் செய்திருந்த பழைய அளவு இனிப் பொருந்தாது. புளியரை வளைவுக்குப் பாரத்தோடு வண்டியை எடுப்பதென்றால் அது அலைன்மென்ட் பார்த்த பிறகுதான்.